குத்திய காது சிவந்திருக்கிறது: கிருமி ஏறிவிட்டதா?

காதோ மூக்கோ குத்திய மறுநாள் கண்ணாடியில் பார்த்தால் அந்த இடம் சிவந்து, கொஞ்சம் தடித்து, தொட்டால் நோகும். உடனே வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு வரும். "கிருமி ஏறிட்டுது, தோட்டைக் கழட்டு" என்பார் அம்மா. "மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைச்சுப் பூசு பிள்ளை" என்பார் அம்மம்மா. பக்கத்து வீட்டு மாமியோ, "உப்புவெளிக் கடலில் ஒருக்கால் குளிச்சு எழும்பினால் எல்லாம் காயும்" என்பார். இரவில் போனில் தேடிப் பார்த்தால் இரத்தத்தில் நஞ்சு, எய்ட்ஸ், செங்கமாரி என்று வரிசையாக வந்து தூக்கமே போய்விடும்.

பயப்படத் தேவையில்லாத நேரத்தில் பயப்படுகிறோம். உண்மையிலேயே ஓட வேண்டிய நேரத்தில் "இன்னும் ரெண்டு நாள் பார்ப்பம்" என்று இருந்துவிடுகிறோம். சிவப்பு, வீக்கம், கசிவு, சொறி, கட்டி எல்லாவற்றையும் ஒன்றாகவே கணக்கெடுப்பதுதான் இதற்குக் காரணம். அவை ஒன்றல்ல. இரண்டு கேள்விகளை நேராகக் கேட்டால் பெரும்பாலான குழப்பம் தீரும்: அது நாளுக்கு நாள் குறைகிறதா, கூடுகிறதா? குத்தியது காதுச் சோணையிலா, மேல்காதிலா?

ஏன் இந்த இரண்டு கேள்விகள் என்று விளங்க, குத்திய இடத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

## வேலியில் விழுந்த பொட்டு

வளவைச் சுற்றி நல்ல வேலி இருக்கிறது என்று வையுங்கள். வீதியில் கட்டாக்காலி மாடுகள் எந்நேரமும் திரியும். வேலி நன்றாக இருக்கும்வரை அவை வெளியே நிற்பதால் நமக்கு ஒரு நட்டமும் இல்லை. ஒருநாள் வேலியில் ஒரு பொட்டு விழுகிறது. சத்தம் கேட்டு வீட்டாட்கள் எல்லோரும் கம்பும் கயிறும் கிடுகும் எடுத்துக்கொண்டு அங்கே ஓடிப்போகிறார்கள். தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு அங்கே ஒரே சனக்கூட்டம், தூசு, கூச்சல். அதைப் பார்த்தே "மாடு உள்ளே புகுந்து தோட்டத்தைத் தின்றுவிட்டது" என்று முடிவு கட்டலாமா? கூட்டம் சேர்ந்தது பொட்டை அடைக்க.

நம் தோல்தான் அந்த வேலி. கிருமிகள் தோலின்மேல் எப்போதும் இருப்பவை. ஸ்டஃபிலோகொக்கஸ் ஒரியஸ் என்ற பற்றீரியா, ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே ஏறத்தாழ பத்தில் மூன்று பேரின் மூக்குக்குள் குடியிருக்கிறது. அவர்கள் நோயாளிகள் அல்ல. ஊசி குத்தியதும் தோலில் ஒரு பொட்டு விழுகிறது. உடம்பு அங்கே ஆட்களை அனுப்புகிறது. முதல் நாட்களில் நாம் பார்க்கும் சிவப்பும் வீக்கமும் பெரும்பாலும் அந்தக் கூட்டம்தான்.

சாதாரணக் காயத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இந்தப் பொட்டின் நடுவே நாமே ஒரு கம்பியைச் செருகி வைத்திருக்கிறோம். அடைக்க வந்தவர்களால் சட்டென்று அடைக்க முடியாது. கம்பியைச் சுற்றித்தான் வேலை செய்ய வேண்டும். அதனால்தான் முழங்காலில் விழுந்த சிராய்ப்பு ஒரு கிழமையில் ஆறிவிட, காதுக் காயம் மாதக்கணக்கில் இழுக்கிறது.

## அழற்சி: உடம்பு செய்யும் வேலை

காயம்பட்ட இடத்தில் உடம்பு காட்டும் முதல் எதிர்வினைக்கு அழற்சி என்று பெயர். கிருமி ஒன்றுகூட உள்ளே போகாவிட்டாலும் அது வரும். நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. கூடுதல் இரத்தம் வருவதால் சிவப்பும் சூடும். குழாய்களின் சுவர் தளர்ந்து நீர் வெளியே கசிவதால் வீக்கம். அங்கே சுரக்கும் பொருட்கள் நரம்பு நுனிகளைத் தூண்டுவதால் நோவு. சிவப்பு, சூடு, வீக்கம், வலி என்ற இந்த நான்கையும் ரோமாபுரியின் செல்சஸ் கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துவிட்டார். கசியும் நீரோடு வெள்ளை அணுக்களும் வந்து, சேதமான திசுவையும் அகப்பட்ட கிருமிகளையும் விழுங்கித் துப்புரவாக்குகின்றன.

அடுத்தது கசிவு. காலையில் எழும்பிப் பார்த்தால் தோட்டின் தண்டைச் சுற்றி வெளிர் மஞ்சளாக ஒரு பொருக்கு ஒட்டியிருக்கும். தலையணை உறையிலும் சின்னதாக ஒரு கறை. பலரும் இதைச் சீழ் என்று நினைத்துப் பதறுகிறார்கள். இரத்தத்திலிருந்து பிரிந்து வரும் மெல்லிய நீரான ஊனீர் காய்ந்துதான் அந்தப் பொருக்கு உண்டாகிறது. விரலில் தொட்டால் நீர்த்தன்மையாக இருக்கும், நாற்றம் இருக்காது. காய்ந்தால் சீனிப்பாகு உறைந்ததுபோல் உதிரும். சீழ் அப்படியல்ல. கெட்டியாக, மஞ்சளாகவோ பச்சையாகவோ இருக்கும். அநேகமாக நாறும். அழுத்தினால் வலியோடு வெளியே வரும்.

அழற்சி தணியத் தொடங்கியதும் புதுத்தோல் வளர்கிறது. அது துளையின் இரண்டு வாயிலிலும் தொடங்கி, உட்பக்கமாக ஊர்ந்து, நடுவில் வந்து சந்திக்கிறது. முடிவில் துளை முழுவதும் தோலால் ஆன ஒரு சிறு குழாயாக மாறிவிடும். வெளிவாயில் முதலில் ஆறுவதால், பார்க்க எல்லாம் சுகமாகிவிட்டதுபோல் தெரியும். உள்ளே நடுப்பகுதி இன்னும் பச்சைப் புண். மூன்றாம் கிழமை கலியாண வீட்டுக்கென்று அவசரப்பட்டுத் தோட்டை மாற்றிச் சிமிக்கி போட்டு, அந்தப் பச்சைப் புண்ணைக் கிழித்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். காதுச் சோணை ஆற 6 முதல் 8 கிழமை வேண்டும். மூக்குக்கு 2 முதல் 4 மாதம், சிலருக்கு இன்னும் கூட. மேல்காதுக்கும் தொப்புளுக்கும் அரை ஆண்டு, ஓர் ஆண்டுகூட ஆகலாம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: முதல் சில நாட்களின் சிவப்பு, இலேசான வீக்கம், நோவு, நீர்க்கசிவு, பொருக்கு ஆகியவை புண் ஆறும் வழியில் வருபவை. அவை மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போக வேண்டும்.

## தொற்று: கிருமி பெருகும்போது

கிருமி உள்ளே போய், உடம்பால் அடக்க முடியாத வேகத்தில் பெருகி, திசுவைச் சேதப்படுத்தத் தொடங்கினால் அதுதான் தொற்று. தொற்றிலும் அழற்சி உண்டு, அதே நான்கு அடையாளங்களும் உண்டு. ஒரே ஒரு தடவை பார்த்து "இது தொற்றா, இல்லையா" என்று சொல்வது கடினமாக இருப்பது அதனால்தான். போகும் திசையைப் பார்க்க வேண்டும்.

ஆறும் புண் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்கு வந்து இறங்கும். தொற்றில் இறங்கிக்கொண்டிருந்த நோவு திரும்ப ஏறும், அல்லது இறங்காமலே கூடிக்கொண்டு போகும். சிவப்பு துளையைச் சுற்றி நிற்காமல் பரவும். இரவில் விண்விண் என்று தெறிக்கும். கெட்டிச் சீழ் வரும். தினமும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் கூடுகிறதா குறைகிறதா என்ற சண்டையே வராது. சிவப்பு பரவுகிறதோ என்று சந்தேகம் வந்தால் அதன் ஓரத்தில் பேனையால் ஒரு கோடு போட்டுவிட்டு, சில மணித்தியாலம் கழித்துக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

நம்மவர்களுக்காக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வெள்ளைத் தோலில் தெரியும் இளஞ்சிவப்பு நம் தோலில் அப்படித் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோ, சிலரில் வெறும் கறுப்பாகவோதான் தெரியும். இணையத்தில் வரும் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து "சிவப்பு இல்லை, அப்ப பிரச்சினை இல்லை" என்று இருந்துவிடாதீர்கள். புறங்கையை வைத்து மற்றக் காதைவிடச் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். சூடும் வீக்கமும் நோவும் நிறத்தைவிட நம்பகமான அடையாளங்கள்.

தொற்றுப்போலத் தெரியும் வேறு சிலவும் உண்டு. நோவைவிடச் சொறிதான் கூட என்றால், தோடு பட்ட இடமெல்லாம் பொரிபொரியாக இருந்தால், அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். மலிவான கவரிங் நகைகளில் நிக்கல் கலந்திருப்பது சாதாரணம். நகையை மாற்றினால்தான் அது தீரும். அன்டிபயோட்டிக் எத்தனை குடித்தாலும் தீராது. துளையின் வாயில் சின்னதாக ஒரு சிவந்த முண்டு வந்தால், அநேகமாக உரசலும் ஈரமும் சேர்ந்து செய்த வேலை. துளையின் எல்லையைத் தாண்டி, மாதங்கள் போகப்போகக் கெட்டியாக வளர்ந்துகொண்டே போகும் தழும்பு கெலாய்டு எனப்படும். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், மேல்காது குத்த முன்பே ஒரு தோல் வைத்தியரிடம் கேட்பது நல்லது.

## சோணை வேறு, மேல்காது வேறு

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிப்பவர்கள் இதை வாசித்தால் போதும்.

காதுச் சோணையை விரலால் பிடித்துப் பாருங்கள். மெத்தென்று மடங்கும். உள்ளே கொழுப்பும் சதையும்தான், நல்ல இரத்த ஓட்டம் உண்டு. அப்படியே விரலை மேலே கொண்டுபோனால், மடக்கினாலும் திரும்பி நிமிரும் விறைப்பான ஒன்று தட்டுப்படும். அதுதான் குருத்தெலும்பு. காதுக்கு வடிவம் கொடுப்பது அது. அதற்கென்று சொந்த இரத்தக் குழாய்கள் கிடையாது. அதன்மேல் போர்த்தியிருக்கும் ஒரு மெல்லிய உறையிலிருந்துதான் அதற்கு உணவு ஊறி வருகிறது.

நம் வெள்ளை அணுக்கள் இரத்தத்தில்தான் வருகின்றன. நாம் குடிக்கும் மருந்தும் இரத்தத்தில்தான் வருகிறது. குருத்தெலும்பில் கிருமி பெருகினால் இரண்டுமே அங்கே போய்ச் சேரச் சிரமப்படும். அதுமட்டுமல்ல, உறைக்கும் குருத்தெலும்புக்கும் இடையே சீழ் கட்டினால் உறை பிரிந்து விலகும். சாப்பாடு வந்த ஒரே வழியும் அடைபட்டு, அந்தத் துண்டுக் குருத்தெலும்பு செத்துவிடும். செத்த குருத்தெலும்பு திரும்ப வளராது. புண் ஆறிய பிறகு காது சுருங்கிக் கோணலாக நிற்கும். இந்த நிலைமை மாதக்கணக்கில் காத்திருந்து வருவதில்லை, நாட்களிலேயே வந்துவிடும்.

இங்கே அடிக்கடி அகப்படும் கிருமி சூடோமோனாஸ் என்ற ஈர விரும்பி. தண்ணீர், ஈரத்துணி, திறந்து வைத்த போத்தல் என்று எங்கும் வாழும். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஒரே கடையில் மேல்காது குத்திய பலருக்குக் குருத்தெலும்புத் தொற்று வந்தது. தேடிப் பார்த்தபோது, கிருமி கொல்வதற்கென்று கடையில் வைத்திருந்த மருந்துப் போத்தலுக்குள்ளேயே சூடோமோனாஸ் வளர்ந்திருந்தது. மருந்து பூசினார்கள், துடைத்தார்கள், எல்லாம் செய்தார்கள். பூசியதே கிருமியாக இருந்தது. அங்கே குத்தியது ஊசியால் அல்ல, கன் என்று சொல்லும் விசைக் கருவியால். அது மொட்டைத் தோட்டை அடித்து ஏற்றுவதால் குருத்தெலும்பு நசுங்கும். மேல்காதைக் கன்னால் குத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. புதிய, உள்குழாயுள்ள ஊசி ஒன்றே அதற்குத் தகுந்தது.

மேல்காதில் தொற்று வந்தால் எப்படித் தெரியும்? மேல்பாதி முழுவதும் வீங்கிச் சூடாகி, தலையை விட்டு விலகி நிற்கும். தொட்டாலே துடிக்க வைக்கும். சோணை மட்டும் வழக்கம்போல் இருக்கும், ஏனென்றால் அங்கே குருத்தெலும்பு இல்லை. இந்தத் தோற்றத்தைக் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பாமசியில் போய் "ஒரு கார்டு அன்டிபயோட்டிக் தாங்கோ" என்று கேட்டு வாங்கிப் போடுவது இங்கே சரிவராது. சோணைத் தொற்றுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பல மருந்துகள் சூடோமோனாஸைத் தொடாது. தானாக ஆறிவிடும் என்ற நம்பிக்கையில் நாட்களைக் கடத்துவதும் ஆபத்து.

உரசலையும் இந்தக் கணக்கில் சேருங்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்களின் ஹெல்மெட், மேல்காதுத் துளையை ஒவ்வொரு தடவையும் மடக்கி நிமிர்த்தும். முக்காடு கட்டும் பிள்ளைகளுக்குத் துணி தோட்டில் சிக்கும், உள்ளே வியர்வையும் தேங்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வியர்வையும் தூசும் போதாதா? தலையில் எதையாவது தினமும் மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஆற எளிதான சோணையோடு நிறுத்துவது புத்தி.

## கடல், கன்னியா, கிணறு

திருகோணமலைக்காரருக்குக் கடல்தான் முதல் வைத்தியர். உப்பு புண்ணை ஆற்றும் என்ற நம்பிக்கை முழுப் பிழையும் அல்ல. மருந்துக் கடையில் வாங்கும் சேலைனும் உப்புத் தண்ணீர்தான். ஆனால் சேலைனில் இருக்கும் உப்பு 0.9 சதவீதம், நம் உடம்பின் திரவத்தோடு ஒத்துப்போகும் அளவு. கடலில் ஏறத்தாழ 3.5 சதவீதம். அதைவிட முக்கியமானது, சேலைன் கிருமியில்லாமல் அடைக்கப்பட்டது. கடல் உயிர்கள் நிறைந்தது. விப்ரியோ போன்ற பற்றீரியாக்களுக்கு உப்பும் வெதுவெதுப்பும்தான் பிடிக்கும். மழை பெய்து ஊர்த் தண்ணீர் கடலில் கலக்கும் நாட்களில் நிலைமை இன்னும் மோசம்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் இதே கதை. சுடுதண்ணீர் என்றால் கிருமி செத்திருக்கும் என்று நினைக்கிறோம். கிருமியைக் கொல்லும் சூட்டில் நாம் குளிக்க முடியுமா? உடம்பு தாங்கும் இதமான சூடு கிருமிக்கும் இதமானதே. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் குளிப்பதைத் தவிர்க்க முடியாது. குளித்து முடிந்ததும் கொதித்தாறிய தண்ணீரால் துளையைக் கழுவி ஒற்றி உலர்த்தினால் சரி. ஆடி அமாவாசைத் தீர்த்தம் போன்ற நாட்களில், புதிதாகக் குத்தியவர்கள் தலை முழுகாமல் கழுத்துவரை நனைந்து எழும்பலாம்.

## துப்புரவு செய்வது எப்படி

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிறகு காலையும் மாலையும் சேலைனால் நனைத்துப் பொருக்கை இளக்கி, சுத்தமான கடதாசித் துண்டால் ஒற்றி எடுங்கள். சேலைன் கிடைக்காவிட்டால், கொதித்தாறிய ஒரு கோப்பைத் தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பு, அன்றன்றைக்குப் புதிதாக. அவ்வளவுதான்.

தோட்டைச் சுற்றிச் சுற்றித் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிவிடும் என்பது பழைய பழக்கம். திருப்பும்போது காய்ந்த பொருக்கு உள்ளே இழுபட்டு, ஊர்ந்து வந்த புதுத்தோலைக் கிழிக்கும். ஸ்பிரிட்டும் டெட்டோலும் கிருமியோடு புதுத் தோலணுக்களையும் கொல்லும். எரிகிறது என்றால் வேலை செய்கிறது என்று நினைக்க வேண்டாம். மஞ்சளிலும் வேப்பங்குச்சியிலும் நல்ல குணங்கள் இருக்கலாம். ஆனால் டப்பாவில் இருக்கும் மஞ்சள்தூளும் மரத்தில் முறித்த குச்சியும் கிருமி நீக்கப்பட்டவை அல்ல. எண்ணெய் பூசினால் கசிவு வெளியேற வழியில்லாமல் அடைபடும். அம்மம்மா அன்போடுதான் சொல்கிறார், துளை ஆறிய பிறகு அவர் கையால் எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாம்.

தோட்டின் சுரையை இறுக்கித் திருகாதீர்கள். வீக்கத்துக்கு இடம் வேண்டும். இடமில்லாவிட்டால் சுரை சதைக்குள் புதையும். குழந்தைகளின் காதில் இது நடப்பதுண்டு.

## ஊசி வழியாக வரும் நோய்கள்

இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் பயம் இதுதான். ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி, எச்ஐவி ஆகிய வைரசுகள் ஒருவரின் இரத்தம் பட்ட ஊசியை இன்னொருவருக்குப் பாவித்தால் பரவக் கூடும். எனவே கேள்வி ஊசியைப் பற்றியது. மறுநாள் காது சிவந்ததற்கும் இவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஹெப்படைட்டிஸ் பி அறிகுறி காட்டவே ஒன்று முதல் ஆறு மாதம் ஆகும். காதையும் அது வீங்க வைக்காது. உங்கள் கண்முன்னே உறை பிரித்த புதிய ஊசி என்றால் இந்தப் பயத்தை இறக்கி வைக்கலாம்.

ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே காய்ந்த இரத்தத்தில் குறைந்தது 7 நாளாவது உயிர்ப்போடு இருக்கும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த ஊசி ஏன் போதாது என்பதற்கு இதுவே பதில். எல்லா நுண்ணுயிர்களையும் அவற்றின் வித்துகளையும் அழிப்பதற்குக் கிருமிநீக்கம் என்று பெயர். உலோகக் கருவிகளுக்கு அதை ஒட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிப் பெட்டியில், 121 பாகை செல்சியஸில் 15 நிமிடமாவது வைத்துச் செய்வார்கள். பிளாஸ்ரிக் கன்னை அதற்குள் வைக்க முடியாது. நகைக்கடையிலோ பத்தரிடமோ குத்தப் போகும்போது "ஊசி புதுசா அண்ணை, பிரிச்சுக் காட்டுங்கோ" என்று கேட்பதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை.

இலங்கையில் குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 2003 இலிருந்து படிப்படியாக வழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் பிறந்தவர்கள் பலருக்கு அது கிடைத்திருக்காது. ஏற்புவலிக்கு எதிரான ஊசி சிறு வயதிலும், 12 வயதளவில் பள்ளிக்கூடத்திலும் போடப்படுகிறது. கடைசி ஊசி போட்டு 10 ஆண்டு கடந்திருந்தால் குத்த முன் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஊசியை வேறொருவருக்கும் பாவித்தார்கள் என்று தெரியவந்தால் பொறுத்துப் பார்க்காமல் உடனே வைத்தியரைக் காணுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும்.

## எப்போது ஆஸ்பத்திரிக்குப் போவது

சோணையில் சிறிதாகச் சீழ் வந்து, மற்றப்படி உடம்பு சுகமாக இருந்தால் அடுத்த நாள் ஓபிடியில் காட்டினால் போதும். மேல்காது வீங்கினாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்தாலோ, துளையிலிருந்து சிவந்த கோடுகள் ஓடினாலோ, சுரை சதைக்குள் புதைந்தாலோ அன்றைக்கே போங்கள். நாக்குக் குத்தியவருக்கு வாய் வீங்கி மூச்சுக்குச் சிரமம் என்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். சலரோகம் உள்ளவர்களும், வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதானவர்களும், பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ளவர்களும் குத்த முன்பே தங்கள் வைத்தியரிடம் கேட்க வேண்டும். இவர்களுக்குத் தோலில் தொடங்கும் சின்னத் தொற்று பெரிதாகக் கூடும். துளையிலிருந்து இரத்தத்தில் கலக்கும் பற்றீரியா பழுதான வால்வில் போய் ஒட்டிக்கொள்ள இடமுண்டு.

போவதற்கு முன் பயத்தில் தோட்டைக் கழற்றாதீர்கள். கழற்றினால் வாயில் மூடி, சீழ் உள்ளே அடைபடலாம். எடுப்பதா விடுவதா என்பதை அங்கே பார்த்துச் சொல்வார்கள். எந்தத் திகதியில் குத்தியது, ஊசியாலா கன்னாலா, இதுவரை என்னென்ன பூசினீர்கள், எந்த மாத்திரை போட்டீர்கள், ஒத்துவராத மருந்து உண்டா என்பவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். போனில் எடுத்து வைத்த படங்களையும் காட்டுங்கள்.